சால்ட் ஸ்ப்ரேயில் பாஸ், ஆனாலும் விரிசல்: 7075 பாகங்களுக்கு ஸ்ட்ரெஸ் கொரோஷன் சோதனை

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி 7075 அலுமினிய பிளேட்டில் பாகம் வெட்டிக் கொடுக்கும் மெஷின் ஷாப் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். பாகத்தோடு போகும் ஃபைலில் வழக்கமாக மூன்று தாள் இருக்கும்: மில் சர்டிபிகேட், ஹார்ட்னஸ் ரிப்போர்ட், சால்ட் ஸ்ப்ரே ரிப்போர்ட். மூன்றிலும் குறை இல்லாமலே அந்தப் பாகம் ஸ்டோரில் சும்மா கிடக்கும்போது விரிசல் விட்டுவிடலாம். மேலே எந்தப் பாரமும் இருக்காது, வெளியே பார்த்தால் அரிப்பும் பெரிதாகத் தெரியாது. புஷ் அடித்த துளையின் ஓரத்தில் முடி போல ஒரு கோடு தொடங்கி உள்ளே போயிருக்கும்.

சால்ட் ஸ்ப்ரே இதைக் காட்டாது. 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலைப் புகையாகத் தெளிக்கும் அந்தச் சோதனை பூச்சைத்தான் பார்க்கிறது: அனோடைசிங் தாங்குகிறதா, பெயின்ட் கொப்பளிக்கிறதா என்று. உள்ளே வைக்கும் துண்டின் மேல் எந்த இழுவிசையும் கிடையாது. நாம் பேசும் விரிசலுக்குப் பெயர் ஸ்ட்ரெஸ் கொரோஷன்: இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உலோகத்தைப் பிளப்பது. அதற்கு மூன்று சேர வேண்டும். இடம் கொடுக்கும் உலோகம், அதற்கு ஒத்துவரும் ஈரச் சூழல், விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் விசை. மூன்றாவதை விட்டுவிட்டு 500 மணி நேரம் தெளித்தாலும் 1000 மணி நேரம் தெளித்தாலும் நமக்குத் தேவையான கேள்விக்குப் பதில் வராது.

அந்த இழுவிசை எங்கிருந்து வருகிறது என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. வண்டி ஓடும்போது வரும் பாரத்தைவிட நாமே அசெம்பிளியில் பூட்டி வைக்கும் விசைதான் ஆபத்து, அது இரவும் பகலும் இருந்துகொண்டே இருப்பதால். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 20 மி.மீ துளையில் 40 மைக்ரான் இன்டர்ஃபியரன்ஸோடு, அதாவது துளையைவிட அவ்வளவு பெரிய விட்டத்தோடு, ஸ்டீல் புஷ் அடிக்கிறோம். 0.04-ஐ 20-ஆல் வகுத்தால் 0.002. அலுமினியத்தின் மீள்குணகம் (விறைப்பின் அளவு) 71,000 மெகாபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் 142; புஷ் துளைச் சுவரை வெளிப்பக்கம் அமுக்குவதையும் சேர்த்துக் கணக்கிட அதை 1.33-ஆல் வகுக்க வேண்டும். புஷ் கொஞ்சமும் அமுங்காது என்று வைத்துக்கொண்டால் துளையின் ஓரத்தில் சுற்றுவாட்டில் சுமார் 105 மெகாபாஸ்கல் இழுப்பு நிற்கும். நிஜத்தில் புஷ்ஷும் அமுங்கும். பாதி என்று வைத்தாலும் 50-ஐத் தாண்டிவிடுகிறது. 7075-டி6 (உச்ச வலிமைக்குப் பதப்படுத்தியது) பிளேட்டின் தடிமன் திசையில் ஸ்ட்ரெஸ் கொரோஷன் தாங்கும் அளவே ஏறத்தாழ அந்த 50 மெகாபாஸ்கல்தான்.

இந்த எண்ணை நம்பச் சிரமமாக இருக்கும். 500 மெகாபாஸ்கல் யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) கொண்ட உலோகம் பத்தில் ஒரு பங்கு விசைக்கா விரிசல் விடும்? திசையில்தான் விஷயம் இருக்கிறது. அதே டி6 பிளேட்டில் ரோலிங் போன நீளத் திசையில் இழுத்தால் ஏறக்குறைய 345 மெகாபாஸ்கல் வரை தாங்கும், அகலத் திசையில் 310 வரை. தடிமன் திசைக்கு வந்தால் மட்டும் 48 என்று விழுந்துவிடுகிறது. ரோல் செய்யும்போது கிரெய்ன்கள், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் சிறு படிகங்கள், நசுங்கி, தோசைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போலப் படுத்துவிடுகின்றன. அரிப்பு போகும் வழி கிரெய்ன்களின் எல்லைக் கோடு. நீளவாட்டில் இழுத்தால் விரிசல் அந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டி, வளைந்து வளைந்து போக வேண்டும். தடிமன் வாட்டில் இழுத்தால் இரண்டு தோசைக்கு நடுவில் நேராக ஓடிவிடும். ஃபோர்ஜிங்கிலும் இதே கதைதான்: டையின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில், ஃபிளாஷ் வெட்டிய இடத்தில், கிரெய்ன் ஓட்டம் வெளியே திரும்பி நிற்கும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வரும் இழுப்புதான் ஃபோர்ஜிங்கின் பலவீனம்.

ஆகவே துண்டை எந்தத் திசையில் வெட்டினோம் என்பதிலேயே பாதிச் சோதனை முடிந்துவிடுகிறது. நீளவாட்டில் வெட்டிய துண்டு 40 நாள் நின்றது என்று வரும் ரிப்போர்ட்டால் புஷ் துளையைப் பற்றி எதுவும் தெரியாது.

சோதனைக்குப் போகும் முன் அரை நிமிட வேலை ஒன்று இருக்கிறது. எடி கரன்ட் கண்டக்டிவிட்டி மீட்டரை பிளேட்டில் வைத்துப் பாருங்கள். 7075-டி6 என்றால் 30.5 முதல் 36 சதவீதம் ஐஏசிஎஸ் (செம்பை 100 என்று வைத்து மின்கடத்தலை அளப்பது) காட்டும். அதிகமாக ஏஜிங் (வலிமைக்காக அடுப்பில் மிதமான சூட்டில் வைப்பது) செய்த டி73 என்றால் 40-க்கு மேல் வர வேண்டும். 38-க்குக் கீழே இருந்தால் சர்டிபிகேட்டில் டி7351 (இழுத்து உள்விசை நீக்கிய டி73 பிளேட்) என்று அச்சடித்திருந்தாலும் அது டி73 இல்லை. 38-க்கும் 40-க்கும் நடுவில் வந்தால் யீல்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். யீல்டு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தால் ஏஜிங் போதவில்லை என்று பொருள். ஹார்ட்னஸ் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஏஜிங் ஏறும் வழியிலும் உச்சத்தைத் தாண்டி இறங்கும் வழியிலும் ஒரே ஹார்ட்னஸ் வரும் இரண்டு இடங்கள் உண்டு. ஏறும் வழியில் இருப்பது விரிசல் விடும், இறங்கும் வழியில் இருப்பது தாங்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கண்டக்டிவிட்டிதான். மீட்டரும் ஸ்டாண்டர்டு பிளாக்கும் பாகமும் ஒரே அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளவெடுங்கள். வெயிலில் நின்ற லாரியிலிருந்து இறக்கிய பிளேட்டில் உடனே வைத்தால் எண் குறைவாகக் காட்டும்.

டி6 என்பது 121 டிகிரியில் 24 மணி நேரம் ஏஜிங் செய்வது. டி73-க்கு இரண்டு படி: 107 டிகிரியில் 6 முதல் 8 மணி, பிறகு பிளேட்டுக்கு 163 டிகிரியில் 24 முதல் 30 மணி. இரண்டாவது படியில் எல்லைக்கோட்டுத் துகள்கள் பருத்து, இடைவெளி விட்டு நிற்கின்றன. தொடர்ச்சியான பாதை அறுந்துபோகிறது. வலிமையில் 10 முதல் 15 சதவீதம் போய்விடும். அதற்குப் பதிலாகத் தடிமன் திசையில் தாங்கும் அளவு 48-லிருந்து 300 மெகாபாஸ்கலுக்கு ஏறுகிறது. அழுத்தி அடித்த புஷ், இறுக்கிய டேப்பர் திரெட், ஷிம் வைக்காமல் இழுத்து முறுக்கிய போல்ட் என்று எது இருந்தாலும் டி73-ஐக் கேட்டு வாங்குங்கள் என்பதே எங்கள் கருத்து. அந்த 10 சதவீத வலிமைக்காக டி6-ஐப் பிடித்துக்கொள்வது சரியான பேரம் ஆகாது.

இனி சோதனைக்கு வருவோம். 38 மி.மீ-க்கு மேல் தடித்த பிளேட் என்றால் தடிமன் திசையில் 3.2 மி.மீ விட்டமுள்ள உருண்டை டென்சைல் துண்டு எடுக்கலாம். 19 முதல் 38 வரை என்றால் சி-ரிங். இரண்டாவதுதான் சிறு ஷாப்பில் நாமே செய்யக்கூடியது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

30 மி.மீ டி7351 பிளேட்டில் வெளிவிட்டம் 25 மி.மீ, சுவர் 2 மி.மீ கொண்ட ரிங் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ரிங்கின் ஒரு பக்கத்தை வெட்டி வாய் திறந்து, விட்டத்தின் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினால் வாய்க்கு நேர் எதிரே உள்ள முதுகின் வெளிப்புறம் இழுபடும். அந்த முதுகில் இழுப்பு போகும் திசையும் போல்ட் போகும் திசையும் ஒன்றே. எனவே போல்ட் துளை பிளேட்டின் தடிமன் வாட்டில் அமைய வேண்டும். டர்னிங் செய்து முடித்த ரிங்கில் வெறும் கண்ணால் திசையைக் கண்டுபிடிக்க முடியாது. பிளாக் வெட்டும்போதே முகத்தில் பஞ்ச் குறியிட்டு, கடைசி ஆபரேஷன் வரை அதைக் காப்பாற்றுங்கள். இந்த ஒரு குறி அழிந்தால் ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டுவதுதான் நேர்மையான வேலை.

எவ்வளவு இறுக்குவது? டி7351 பிளேட்டின் குறைந்தபட்ச யீல்டு 393 மெகாபாஸ்கல். ஏற்பு விதி அதில் 75 சதவீதம், அதாவது 295. இறுக்க வேண்டிய அளவு என்பது விசையை π-ஆல் (3.14) பெருக்கி, நடுவிட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை நான்கு மடங்கு மீள்குணகம், சுவர் தடிமன், வளைவுத் திருத்தம் மூன்றின் பெருக்கலால் வகுப்பது. நடுவிட்டம் 25 கழித்தல் 2, அதாவது 23. நடுவிட்டத்தைத் தடிமனால் வகுத்தால் 11.5, அதற்கு வளைவுத் திருத்தம் சுமார் 0.94. கணக்கு போட்டால் 0.92 மி.மீ வருகிறது. 25.00 இருந்த ரிங் இறுக்கிய பிறகு போல்ட் வாட்டில் 24.08 காட்ட வேண்டும். டார்க் ரெஞ்ச் வேண்டாம். திரெட்டின் உராய்வு ரிங்குக்கு ரிங் மாறும். மைக்ரோமீட்டர் மட்டும்தான்.

சுவர் தடிமனில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2.0 என்று எழுதிவிட்டு நிஜத்தில் 1.9 இருந்தால், அதே 0.92-க்கு இறுக்கியும் விசை 278-தான் வரும். 17 மெகாபாஸ்கல் குறைவாக இழுத்துவிட்டு பாஸ் என்று எழுதிக்கொடுத்தது ஆகிவிடும். ஒவ்வொரு ரிங்கையும் முதுகில் தனியாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு போடுங்கள். அளவு தாண்டி இறுக்கிவிட்டால் திருப்பித் தளர்த்திச் சரிசெய்யக் கூடாது. அந்த ரிங் கழிவு. ஒரு திசைக்குக் குறைந்தது மூன்று ரிங், முடிந்தால் ஐந்து. கூடவே இறுக்காத ரிங் இரண்டு அதே தொட்டியில் இருக்கட்டும். அவை எதற்கு என்பது பின்னால் வரும்.

ஸ்டீல் போல்ட்டும் அலுமினிய ரிங்கும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அது பேட்டரி. ரிங் போல்ட்டுக்கு அருகே தின்றுபோகும், வரும் ரிசல்ட்டை நம்ப முடியாது. அதே உலோகத்தில் போல்ட் செய்துகொள்ளலாம். ஸ்டீல்தான் என்றால் நைலான் வாஷர், நைலான் புஷ் போட்டு, இறுக்கி முடித்த பிறகு அசிட்டோனில் எண்ணெய் போகக் கழுவி, போல்ட், நட், ரிங்கின் முனைகள் எல்லாவற்றையும் மெழுகாலோ லாக்கராலோ மூட வேண்டும். முதுகில் ஒரு துளி லாக்கரும் விழக் கூடாது. கழுவிய பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள்.

தொட்டியில் 3.5 சதவீத சோடியம் குளோரைடு கரைசல். ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் உள்ளே, 50 நிமிடம் வெளியே காற்றில். அமெரிக்கச் சோதனைத் தரமான ஏஎஸ்டிஎம் ஜி44 சொல்லும் முறை இது. 7000 வரிசைக்கு (7075 இதில் சேரும்) தடிமன் திசையில் 20 நாள், 2000 வரிசைக்கு 10 நாள், மற்றத் திசைகளுக்கு 40 நாள் என்று ஜி47 சொல்கிறது. 3.5 சதவீதம் எடையில். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் போட்டால் 3.38 தான் வரும், அனுமதித்த 3.4-க்குக் கீழே. 10 கிலோ கரைசலுக்கு 350 கிராம் உப்பு, 9 கிலோ 650 கிராம் தண்ணீர் என்று எடை போட்டுக் கலக்குங்கள். மளிகைக் கடை உப்பில் அயோடின் சேர்த்திருக்கும், கட்டிப்படாமல் இருக்கவும் ஏதாவது கலந்திருப்பார்கள். லேப் உபயோகத்துக்கான தூய ஏஆர் கிரேடு மட்டும் வாங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டக்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். போர்வெல் தண்ணீரின் ஃப்ளோரைடும் சுண்ணாம்பு உப்புகளும் அலுமினியத்தின் மேல்தோலோடு வினைபுரிந்து சோதனையைத் திசைதிருப்பும். டீஅயனைஸ்டு தண்ணீர் கேன் வாங்கிக்கொள்ளுங்கள். கலக்கிய பிறகு பிஎச் 6.4 முதல் 7.2-க்குள் இருக்கிறதா பார்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமோ காஸ்டிக் சோடாவோ சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்யலாம்.

ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 32 மில்லி கரைசலாவது வேண்டும். 20 மி.மீ அகலமுள்ள நம் ரிங்கின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர செ.மீ, ஆக ரிங் ஒன்றுக்கு ஒரு லிட்டர். வாரத்துக்கு ஒருமுறை முழுக் கரைசலையும் மாற்றுங்கள். நடுவில் ஆவியாகிக் குறைவதை வெறும் தண்ணீரால் நிரப்புங்கள். கரைசலாலேயே நிரப்புகிறவர்கள் உண்டு. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும் என்பதால் உப்பின் அளவு நாளுக்கு நாள் ஏறிவிடும். தொட்டியில் ஒரு கோடு போட்டு வைத்தால் யார் ஷிப்டில் வந்தாலும் குழப்பம் இல்லை. செம்பு அதிகமுள்ள 2024-ஐ 7075-ஓடு ஒரே தொட்டியில் போடாதீர்கள். கரைந்த செம்பு மற்றதன் மேல் படிந்து குழி பறிக்கும்.

50 நிமிடத்தில் துண்டு உலர்வதுதான் சோதனையின் உயிர். உலரும்போது மேலே இருக்கும் ஈரப்படலம் மெலிந்து, உப்பு செறிந்து, ஆக்சிஜன் எளிதாக உள்ளே வரும். இதற்காகவே அறை 27 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம், ஈரப்பதத்தில் மட்டும் பத்து கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஓசூரில் ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் 50-வது நிமிடத்திலும் ரிங்கின் அடியில் துளி தொங்கிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் தருமபுரிப் பக்கம் பத்தே நிமிடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு ரிசல்ட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஏசியும் டீஹியூமிடிஃபையரும் உள்ள சிறு அறை வேண்டும். ஃபேன் நேராகத் துண்டின் மேல் அடிக்கக் கூடாது. தொட்டியை ஏற்றி இறக்கும் மோட்டாரையும் டைமரையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். கரன்ட் போகும்போது ரிங் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டால் அது வேறு சோதனை; எத்தனை மணி நேரம் என்று லாக் புத்தகத்தில் எழுத வேண்டும்.

தினமும் ஒருமுறை முதுகைப் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். 20 நாள் முடிந்ததும் ரிங்கை அடர் நைட்ரிக் அமிலத்தில் வைத்து வெள்ளைப் படிவை நீக்கி, கழுவி, மறுபடி பார்க்க வேண்டும். படிவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் விரிசல் அப்போதுதான் தெரியும். தெரிந்த கோடு எல்லாம் ஸ்ட்ரெஸ் கொரோஷன் விரிசல் ஆகாது. குழிகள் வரிசையாகச் சேர்ந்தாலும் கோடு போலத்தான் இருக்கும். முதுகைக் குறுக்கே வெட்டி, பாலிஷ் செய்து, கெல்லர் கரைசலில் எட்ச் செய்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். விரிசல் கிரெய்ன் எல்லை வழியே கிளைவிட்டுப் போயிருந்தால் சந்தேகமே இல்லை. இறுக்காத ரிங்கிலும் அதே ஆழத்துக்கு அரிப்பு இருந்தால் அது வெறும் எல்லை அரிப்பு. விசைக்கு அதில் பங்கில்லை. அந்த இரண்டு ரிங்கும் இதற்காகத்தான். கெல்லர் கரைசலில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டு. தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலே எலும்பு வரை போகும். கால்சியம் குளுகோனேட் ஜெல் மேசை மேலேயே இல்லாவிட்டால் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

20 நாள் முடிந்தும் நிற்கிறதே, இன்னும் ஒரு மாதம் விட்டுப் பார்ப்போமே என்று தோன்றும். 3.2 மி.மீ டென்சைல் துண்டில் அப்படிச் செய்தால் குழி விழுந்து குறுக்குப் பரப்பு குறைந்து, மிச்சமுள்ள உலோகம் பாரம் தாங்காமல் அறுந்துவிடும். டி73 தோற்றுவிட்டதாகத் தவறாக எழுத நேரும்.

மெதுவாக இழுத்துப் பார்க்கும் ஸ்லோ ஸ்ட்ரெய்ன் ரேட் முறையும் உண்டு. விநாடிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற வேகத்தில் 10 சதவீதம் நீள 28 மணி நேரம் ஆகும்; 25 மி.மீ துண்டுக்கு நிமிடத்துக்கு 1.5 மைக்ரான். ஷாப்பில் இருக்கும் சாதாரண யூடிஎம்மால் (இழுத்துப் பார்க்கும் இயந்திரம்) பெரும்பாலும் அவ்வளவு மெதுவாக நகர முடியாது.

7005 போலச் செம்பு குறைந்த 7000 வரிசைக்குக் கொதிக்கும் 6 சதவீத உப்புக் கரைசல் முறை இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. சென்னையில் செய்த ரிசல்ட்டோடு ஒப்பிடும்போது கொதிநிலையை அளந்து ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள். 5083-க்குப் பிரச்சினை வேறு: மெக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல் உள்ளதால் 65 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் சூடாக இருந்தால் எல்லையில் மெக்னீசியத் துகள் சேரும். அதற்கு ஜி67: 30 டிகிரி நைட்ரிக் அமிலத்தில் 24 மணி நேரம், எடை இழப்பு சதுர செ.மீ-க்கு 15 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் நல்லது, 25-க்கு மேல் என்றால் ஆபத்து. மெக்னீசிய உலோகக் கலவைகளை 3.5 சதவீத உப்பில் போடுவதில் பயனில்லை, விரிசல் வருவதற்குள் குழி தின்றுவிடும். டைட்டானியத்தை மெத்தனாலில் கழுவாதீர்கள். 1966-இல் அப்பல்லோ விண்கலத்தின் டைட்டானியத் தொட்டி ஒன்று மெத்தனால் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தபோது விரிசல் விட்டு உடைந்தது. கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தாலே அது தடுபட்டிருக்கும்.

வெளி லேபுக்கு அனுப்புகிறவர்கள் முதலில் அதன் என்ஏபிஎல் ஸ்கோப்பில் (அங்கீகாரம் பெற்ற சோதனைகளின் பட்டியல்) ஜி44-உம் ஜி47-உம் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள்; கொரோஷன் டெஸ்டிங் என்ற பொதுத் தலைப்பு போதாது. ஆர்டரில் "7075 எஸ்சிசி டெஸ்ட்" (ஸ்ட்ரெஸ் கொரோஷன் கிராக்கிங் என்பதன் சுருக்கம்) என்று ஒரு வரி எழுதினால், வெட்ட வசதியான திசையில் வெட்டிக்கொள்வார்கள். டெம்பர் (டி6-ஆ, டி73-ஆ என்பது), பிளேட் தடிமன், துண்டின் வகை, விசை மெகாபாஸ்கலில், நாள் கணக்கு, இறுக்காத துண்டின் எண்ணிக்கை எல்லாம் எழுதுங்கள். கூடவே பிளாக்கின் படம் ஒன்று கையால் வரைந்து, ரோலிங் திசைக்கு ஓர் அம்பு, தடிமன் திசைக்கு ஓர் அம்பு, போல்ட் துளை எந்த அம்பின் மேல் வர வேண்டும் என்ற குறிப்பு. அந்தப் படத்தின் நகலை ரிப்போர்ட்டோடு இணைத்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.